பழைய மீர்ஷாம் சுங்கானைச் சீர்செய்வது: முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை ஏலம் விடும்போது, தோல் பெட்டிக்குள் மீர்ஷாம் என்ற மென்கல்லில் செதுக்கிய ஒரு வெள்ளைச் சுங்கான், அதாவது புகையிலைக் குழாய், அகப்படுவதுண்டு. வெள்ளை என்பது பெயருக்குத்தான். கழுத்துப் பக்கம் தேன் நிறம், கிண்ணத்தின் அடியில் செம்பழுப்பு, விளிம்பை நெருங்க நெருங்க வெளிறிய தந்த நிறம் என்று இருக்கும். முதன்முதலாகக் கையில் எடுப்பவர் அதை அழுக்கு என்று நினைத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவார். அந்த ஒரு மணி நேரத்தில் ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஏறிய நிறம் போய்விடும். திரும்ப வராது.

மீர்ஷாம் வேலையில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது இந்த நிறம்தான். உடைந்த திருகாணியை மாற்றலாம், விரிசலை ஒட்டலாம், வெள்ளிப் பூணை மெருகேற்றலாம். நிறத்தை மட்டும் கடையில் வாங்க முடியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் கை வைக்கும் முன், “இது நிறத்தை எடுத்துவிடுமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் படியை விட்டுவிடுங்கள்.

இங்கே சொல்வது சுங்கானை அழகுபடுத்திக் கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கான முறை. புகையிலை உடலுக்குக் கேடு. வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்கப் புகைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. காற்று ஓடுகிறதா என்று அறிய, கெமிஸ்டில் கிடைக்கும் காது கழுவும் ரப்பர் குமிழ் ஒன்று போதும்.

முதலில் கல்லைப் பற்றி

மீர்ஷாம் என்றால் ஜெர்மன் மொழியில் ‘கடல் நுரை’. நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேட்டால் கணவாய் மீனின் ஓட்டைத் தருவார்கள். அது வேறு பொருள். ஆனாலும் இரண்டும் அவ்வளவு ஒத்திருப்பதால்தான், 1847-இல் இந்தக் கனிமத்துக்கு ‘செபியோலைட்’ என்று பெயர் வைத்தபோது கணவாய் ஓட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இரண்டுமே வெள்ளை, இரண்டுமே எடையற்றவை, இரண்டும் நகத்துக்கு விட்டுக்கொடுக்கும்.

இது நீரேறிய மக்னீசியம் சிலிகேட். கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை தரம் பிரிக்கும் மோஸ் அளவில் 2 முதல் 2.5 வரை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருப்பதால் காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும். அந்தத் துளைகளே நிறத்துக்கும் காரணம். புகையின் எண்ணெயும் தாரும் உட்சுவர் வழியாக ஊறி, மேற்பரப்பில் உள்ள தேன்மெழுகில் வந்து தங்குகின்றன. மெழுகு இல்லாத இடத்தில் நிறம் சரியாகப் பிடிக்காது. தண்ணீர் பட்டால் கல் பாலாடைக்கட்டி போல மென்மையாகிவிடும். செதுக்குபவர்கள் அதை நனைத்துத்தான் செதுக்குகிறார்கள். சீர்செய்பவருக்கோ அதே குணம் பெரிய ஆபத்து.

நல்ல கல் துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியிலிருந்து வருவது. 19-ஆம் நூற்றாண்டில் அது கட்டிகளாக வியன்னாவுக்குப் போய், அங்கே சிங்கத் தலை, குதிரை, தாடிக்காரர், கழுகு நகம் பிடித்த முட்டை என்று செதுக்கப்பட்டது. ஆப்பிரிக்காவுக்கும் சொந்தக் கல் உண்டு. தான்சானியா, கென்யா எல்லையில் அம்போசெலி வட்டாரத்தில் எடுத்து, அருஷாவில் சுங்கானாகச் செய்தார்கள். அது துருக்கிக் கல்லை விடக் கனமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். பெரும்பாலும் பழுப்போ கருப்போ சாயம் ஏற்றி, சிலவற்றுக்குத் தோல் சுற்றி விற்றார்கள். சாயம் ஏற்றிய சுங்கானில் கீழே சொல்லும் சூடான மெழுகு முறையைச் செய்யாதீர்கள். சாயம் திட்டுத் திட்டாகக் கலையும்.

இனி தென்னாப்பிரிக்காவுக்கே உரிய வகை. சுரைக்குடுக்கையில் உடலும், மேலே காளான் குடை போல மீர்ஷாம் கிண்ணமும் பொருத்திய வளைந்த சுங்கான் அது. சுரைக்காய் கொடியில் வளரும்போதே அதன் கழுத்தைப் பலகை வைத்து வளைத்து வளர்ப்பார்கள். 1899 முதல் 1902 வரை நடந்த ஆங்கிலேய-போயர் போருக்குப் பிறகு அது பிரிட்டனில் பரவலானது. இதற்குத் தனி முறை உண்டு, கடைசியில் சொல்கிறோம்.

கையில் இருப்பது எது?

வேலை தொடங்கும் முன் ஒரு மாலைப் பொழுதை ஆராய்வதற்கே ஒதுக்குங்கள். வேண்டியவை 10 மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், சிறிய எல்.இ.டி. டார்ச், 0.1 கிராம் வரை காட்டும் தராசு.

இருட்டறையில் டார்ச்சைக் கிண்ணத்துக்குள் இறக்குங்கள். மெழுகேறிய மீர்ஷாம் கொஞ்சம் ஒளியை விடும். விரிசல் இருந்தால் அது கருங்கோடாகத் தெரியும். கழுத்தும் கிண்ணமும் சேரும் வளைவில் கூடுதலாகப் பாருங்கள், பெரும்பாலான உடைப்பு அங்கேதான். முன்பு யாராவது ஒட்டியிருந்தால் பசை ஒளியை வேறு விதமாக விடும்.

கழிவுத் துகளையும் தூளையும் பசையில் குழைத்து அழுத்திச் செய்த ‘அழுத்து மீர்ஷாம்’ என்ற வகையும் நிறைய உண்டு. அது கனமாக இருக்கும், மேற்பரப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும், நிறம் ஏறியிருந்தாலும் மங்கலாகவே இருக்கும். மூலக்கல்லில் மெல்லிய நரம்பும் சிறு புள்ளியும் இருப்பது இயல்பு. நாக்கில் ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை புதிய கல்லுக்கு மட்டுமே. யாரோ புகைத்த சுங்கானில் வேண்டாம்.

வாய்க்குழல் எதனால் ஆனது என்று அறிவது இன்னும் முக்கியம். ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு விதமாகக் கையாள வேண்டும். மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ இருந்தால் அது அம்பர் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்), துண்டுகளை அழுத்திச் செய்த அழுத்து அம்பர், பழைய பிளாஸ்டிக் வகைகளான பேக்கலைட், செல்லுலாய்டு ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும். துணியால் அரை நிமிடம் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். குங்கிலியம் போன்ற மெல்லிய பிசின் வாசனை வந்து, சின்னக் காகிதத் துணுக்கையும் இழுத்தால் அம்பர். வாய்க்குழல் தனியாகக் கழன்று, அதில் திருகாணியோ உலோகமோ ஒட்டியிருக்காவிட்டால், உப்பு இனியும் கரையாத அளவுக்குக் கரைத்த தண்ணீரில் சில விநாடி விட்டுப் பார்க்கலாம். அம்பர் மிதக்கும், பேக்கலைட்டும் செல்லுலாய்டும் மூழ்கும். உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். அழுத்து அம்பரும் மிதக்கும். லென்ஸில் பார்த்தால் அதில் பாகு இழுத்தது போன்ற ஓட்டக் கோடுகள் தெரியும்.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று தீப்பற்றும்.

வெள்ளிப் பூண் இருந்தால் முத்திரையைப் படியுங்கள். நடக்கும் சிங்கம் என்றால் ஆங்கிலேய 925 வெள்ளி. நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன். அருகில் உள்ள தனி எழுத்து ஆண்டைக் காட்டும். அந்த எழுத்துகளுக்கான அட்டவணை எளிதில் கிடைக்கும். பூணின் ஆண்டு சுங்கானின் ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உடைந்த கழுத்தை மறைக்கப் பின்னால் போட்ட பூணும் உண்டு.

தந்த வளையமோ தந்த முனையோ இருந்தால் கவனம் தேவை. யானைத் தந்தம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருவது. அனுமதி இல்லாமல் அதை நாட்டை விட்டு அனுப்பவோ எடுத்துச் செல்லவோ கூடாது.

வாங்கி வைக்க வேண்டியவை

வெளுத்த வெள்ளைத் தேன்மெழுகு 100 கிராம் போதும், பாதி மிஞ்சும். பாரஃபின் மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசாதீர்கள். அது மேலே தோல் போல நிற்கும், கல்லுக்குள் நிறத்தோடு சேராது. மஞ்சள் தேன்மெழுகு வெளிறிய பகுதிகளுக்குப் பொய் நிறம் கொடுக்கும்.

99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 100 மி.லி. கெமிஸ்டில் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். அதில் ஊதாச் சாயம் கலந்திருக்கிறது, மீர்ஷாம் அதை உறிஞ்சிக்கொண்டால் எடுக்க வழியில்லை. கரும்பில் வடித்த மதுவான கேன் ஸ்பிரிட்டை எடுத்துத் துடைப்பவர்களும் உண்டு. அதில் 43 சதவீதம்தான் ஆல்கஹால், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் இந்தக் கல்லை என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

சுங்கான் சுத்தம் செய்யும் பஞ்சுக் கம்பி ஒரு கட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சி, மூங்கில் பல்குச்சி, மென்மையான வண்ணத் தூரிகை இரண்டு, 220-ஆம் 400-ஆம் எண் உப்புத்தாள், 1500 முதல் 12000 வரை உள்ள மைக்ரோமெஷ் என்ற நுண்மெருகு அட்டைகள், 24 மணி நேரத்தில் இறுகும் எப்பாக்ஸிப் பசை, தலைமுடி உலர்த்தி, பருத்தித் துணி. கூடவே மெல்லிய நைட்ரைல் கையுறையும் என்95 முகக்கவசமும். செபியோலைட் நாரமைப்புள்ள கனிமம், அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பழைய தாரில் நிகோட்டின் இருக்கிறது, அது தோல் வழியாக ஏறும். கையுறைக்கு இன்னொரு பயனும் உண்டு. சூடான மெழுகில் பதிந்த விரல் ரேகை அப்படியே நின்றுவிடும்.

வாய்க்குழலைக் கழற்றுதல்

பழைய சுங்கான்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கழுத்தையும் வாய்க்குழலையும் இணைப்பது இரு பக்கமும் மரை வெட்டிய ஓர் எலும்புத் திருகாணி. தோட்டின் திருகாணி போலத்தான், கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலும் மரை போய்விடும்.

இடக்கையால் கழுத்தைப் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்துத் திருகவே கூடாது, முழு விசையும் கழுத்து வளைவில் இறங்கும். வலக்கையால் வாய்க்குழலை மெதுவாக இடஞ்சுழியாகத் திருப்புங்கள். அசையாவிட்டால் பலம் போடாதீர்கள். உள்ளே பழைய தார் பசையாக இறுகியிருக்கும். உலர்த்தியை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளி வைத்து, கழுத்தின் கல் பகுதியை மட்டும் இரண்டு நிமிடம் காட்டுங்கள். வாய்க்குழலை ஈரமில்லாத துணியால் சுற்றிச் சூட்டிலிருந்து மறையுங்கள், செல்லுலாய்டாக இருந்தால் இது கட்டாயம். பிறகு முன்னும் பின்னும் ஒரு மயிரிழை அளவு அசைத்துப் பாருங்கள். பத்து முறை சூடாக்க வேண்டியிருந்தாலும் அது பரவாயில்லை.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சுங்கானாக இருந்தால் வெள்ளை நைலானில் செருகு முளை இருக்கலாம். அதைச் செருகும்போதும் எடுக்கும்போதும் வலஞ்சுழியாகவே திருப்புங்கள். இடஞ்சுழியாகத் திருப்பினால் கழுத்தில் திருகியிருக்கும் பாதி கழன்று வந்துவிடும்.

கிண்ணத்தின் உள்ளே

மரச் சுங்கானில் கரிப்படிவம் வேண்டும் என்பார்கள். மீர்ஷாமில் அது இருக்கக் கூடாது. கரி சூட்டில் விரியும், கல் அந்த அளவுக்கு விரியாது, சுவர் பிளக்கும். அலமாரியில் வைப்பதாக இருந்தாலும் கரியை எடுத்துவிடுவது நல்லது. டர்பன் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டு புளித்த வாடை வீசும்.

கரி எடுக்கும் இயந்திரக் கத்தி, விரியும் ரீமர் எல்லாம் ஆகாது. முனை மழுங்கிய சிறு கத்தியால் மேலிருந்து கீழாகச் சுரண்டுங்கள், கிண்ணத்தை உள்ளங்கையில் முழுவதுமாகத் தாங்கியபடி. கரி அரை மி.மீ. அளவுக்கு மெலிந்ததும் கத்தியை வைத்துவிட்டு, 220 உப்புத்தாளை ஒரு மரக் குச்சியில் சுற்றிக் கையால் சுழற்றுங்கள். பிறகு 400. பழுப்புச் சுவர் தெரிந்ததும் நிறுத்துங்கள். வெள்ளைக் கல் வரும்வரை போனால் சுவர் மெலியும். தூளை ஊதாதீர்கள், தூரிகையால் காகிதத்தில் தட்டுங்கள். மீர்ஷாம் தூளைத் திருநீறு போலச் சின்னச் சீசாவில் சேர்த்து வையுங்கள், விரிசல் அடைக்க உதவும். கரித்தூள் அதில் கலக்க வேண்டாம்.

புகைவழிக்குப் பஞ்சுக் கம்பியை ஐசோப்ரோப்பைலில் நனைத்து, துணியில் ஒற்றி எடுத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் விடுங்கள். சொட்டும் ஈரத்தோடு விட்டால் ஆல்கஹால் தாரைக் கரைத்துக்கொண்டு சுவர் வழியே வெளியே வரும். மறுநாள் கழுத்தின் மேல் கரும்புள்ளி தெரியும். ஒரு ஈரக் கம்பிக்கு இரண்டு உலர்ந்த கம்பி. கம்பி வெளிர் பழுப்பாக வரத் தொடங்கியதும் போதும். ஒரு நாள் ஆறவிட்டு மறுபடி செய்யலாம்.

வெளிப்புறம்

காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு, துணியில் ஒற்றி, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் மெதுவாக உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம், உருட்ட வேண்டும். அருங்காட்சியகங்களில் உமிழ்நீரைப் பயன்படுத்துவார்கள், அதிலுள்ள நொதிகள் கைப்பிசுக்கை நன்றாக எடுக்கும். பஞ்சு சாம்பல் நிறமாக வந்தால் அது அழுக்கு. மஞ்சளாகவோ பழுப்பாகவோ வந்தால் நிறத்தையே எடுக்கிறீர்கள், அந்த இடத்தில் உடனே நிறுத்துங்கள்.

செதுக்கல் பள்ளங்களில் மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றிச் செய்யலாம். எல்லாப் பள்ளத்தையும் வெண்மையாக்காதீர்கள். தாடி மயிரின் அடியில் கொஞ்சம் கருமை இருந்தால்தான் முகத்துக்கு ஆழம் வரும்.

விளிம்பில் தீக்காயம் கறுத்திருக்கும். அது நிறமல்ல, கரி. மைக்ரோமெஷ் 1500-இல் தொடங்கி, ஒவ்வொரு எண்ணிலும் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, ஈரமே இல்லாமல். ஆழக் கறுத்துப் போன விளிம்பைப் பாதியில் விட்டுவிடுங்கள். விளிம்பு வளைவு தட்டையாகிவிட்டால் செதுக்கியவரின் கோடே மாறிவிடும்.

திருகாணி உடைந்திருந்தால்

கழுத்துக்குள் சிக்கிய துண்டை எடுக்க, அதன் புகைவழித் துளையை விடச் சற்றே பெரிய கூம்பு ஆணித் திருகை விரலால் மட்டும் உள்ளே இறக்கி, பிடித்ததும் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். முன்னதாகக் கழுத்தை இளஞ்சூடாக்கி, திருகாணியின் துளைக்குள் ஒரு துளி ஐசோப்ரோப்பைல் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் தார் இளகும். மின்சாரத் துளைப்பானைக் கிட்டே கொண்டு வராதீர்கள்.

பழைய எலும்புத் திருகாணிக்குப் பொது அளவு கிடையாது. ஒவ்வொரு பட்டறையும் தன் மரையை வெட்டியது. வெர்னியர் அளவுகோலால் விட்டம், நீளம், மரை இடைவெளி மூன்றையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அளவு பொருந்தாத புதுத் திருகாணியை வலிந்து திருகினால் கல்லின் மரை பொடியாக உதிரும்.

கல்லின் மரை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இப்படிச் செய்யலாம். எப்பாக்ஸியில் சம அளவு மீர்ஷாம் தூளைக் கலந்து பற்பசைப் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். திருகாணியின் மரையில் வாஸ்லின் மெல்லியதாகப் பூசுங்கள். புகைவழி அடையாமல் இருக்க மெழுகு தடவிய கம்பி ஒன்றைத் திருகாணி வழியாக விடுங்கள். கழுத்தின் உட்சுவரில் கலவையைக் காகிதத் தடிமனுக்குப் பூசி, திருகாணியை நேராக நிறுத்தி, பிதுங்கியதைத் துடையுங்கள். கலவையின் மிச்சத்தை ஓர் அட்டையில் வைத்திருங்கள். அது நகம் பதியும் ரப்பர் பதத்துக்கு வந்ததும் திருகாணியை மெதுவாகக் கழற்றுங்கள். முழுதும் இறுகவிட்டுவிட்டால் கழலாமல் போகலாம். ஐந்து நிமிட எப்பாக்ஸி இதற்கு ஆகாது, அடுத்துச் செய்யப்போகும் மெழுகுச் சூட்டிலேயே இளகும்.

வாய்க்குழல் திருகி முடிக்கும்போது நேராக நிற்காமல் தாண்டிப் போனால், நிறமில்லாத நகப்பூச்சைத் திருகாணி மரையில் ஒரு கோட் அடித்து நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு கோட்.

விரிசலும் உடைப்பும்

மயிரிழை விரிசலை விட்டுவிடுங்கள். மெழுகு அதை நிறுத்தும். கழுத்து இரண்டாக உடைந்திருந்தால் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உடைந்த முகத்தில் மெழுகும் தாரும் ஊறியிருக்கும், அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டிய சுங்கான்கள் மறுபடி உடைவது இதனால்தான். அசிட்டோனைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு உடைந்த முகத்தை மட்டும், பஞ்சு வெள்ளையாக வரும்வரை ஒற்றுங்கள். வெளிப்பரப்பில் படக் கூடாது. அம்பர் வாய்க்குழலை அடுத்த அறைக்கே கொண்டுபோய் வையுங்கள், செல்லுலாய்டையும்தான்.

உள்ளே புகைவழிக்குப் பொருந்தும் மெல்லிய எஃகுக் குழல் 15 மி.மீ. நீளத்துக்கு வெட்டி வைத்து ஒட்டினால் பசையின் மேல் பாரம் விழாது. பசை பூசாமல் ஒரு முறை சேர்த்துப் பார்த்துவிட்டு, பிறகு இரு முகத்திலும் மெல்லிய பூச்சு. ரப்பர் வளையம் போட்டு 24 மணி நேரம். விளிம்பில் துண்டு பெயர்ந்த பள்ளத்தை அதே எப்பாக்ஸித் தூள் கலவையால் நிரப்பலாம், ஆனால் அது என்றைக்கும் வெள்ளையாகவே நிற்கும், நிறம் ஏறாது. கண்காட்சிப் பொருளுக்குப் பள்ளம் பள்ளமாகவே இருப்பது நேர்மையாகத் தெரிகிறது.

மெழுகேற்றல்

நிறம் திரும்ப உயிர்பெறும் கட்டம் இது. சுங்கானை மெழுகுக்குள் மூழ்கவைக்கும் முறை புதுச் சுங்கானுக்குச் சரி. பழையதை மூழ்கவைத்தால் சில நிமிடங்களில் மெழுகு மஞ்சளாகும். அது சுங்கானிலிருந்து இறங்கிய நிறம். தூரிகையால் பூசுங்கள்.

லோட் ஷெடிங், அதாவது முறை வைத்த மின்வெட்டு, நடப்பில் இருந்தால் தொடங்கும் முன் அதன் அட்டவணையைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தடையில்லாத மின்சாரம் வேண்டும். பாதியில் நின்றால் மெழுகு திட்டாக உறையும். மீண்டும் சூடாக்கி எடுக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் நிறம் நகரும்.

1. வாய்க்குழலைக் கழற்றித் தள்ளி வையுங்கள். கிண்ணத்தின் வாயையும் கழுத்துத் துளையையும் தக்கையால் அடையுங்கள். உள்ளே மெழுகு போனால் துளைகள் அடைபடும்.

2. தேன்மெழுகைச் சிறு கிண்ணியில் இட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். அது 62 முதல் 65 டிகிரியில் உருகும். ஜோஹன்னஸ்பர்க் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

3. சுங்கானை உலர்த்தியின் மிதச் சூட்டில், சுற்றிச் சுற்றிக் காட்டி 15 நிமிடமாவது எடுத்துச் சூடாக்குங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளவு வரும். கையுறையோடு பிடிக்க முடிகிற, ஆனால் தொடர்ந்து பிடிக்கச் சங்கடமான சூடுதான் அளவு.

4. கழுத்திலிருந்து தொடங்கித் தூரிகையால் மெழுகைத் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் துளி மேற்பரப்பில் நிற்காது. பட்ட இடம் ஈரம் போலப் பளபளக்கும், நான்கைந்து விநாடியில் பளபளப்பு மங்கும், கல் குடித்துவிட்டது என்று பொருள். வெளிறியிருந்த தேன் நிறம் அந்த நொடியிலேயே ஆழமாகத் தெரியும். துளி வெண்மையாக உறைந்து நின்றால் சூடு போதவில்லை.

5. சூட்டை விடாமல் இரண்டு அல்லது மூன்று சுற்று. மங்காமல் பளபளப்பு நிற்கத் தொடங்கினால் கல்லுக்குப் போதும்.

6. கடைசியாக ஒரு முறை சூடாக்கி, மிகுந்த மெழுகைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். செதுக்கல் பள்ளத்தில் தேங்கியதைப் பஞ்சுக் குச்சியால். தக்கைகளை எடுத்துவிட்டு, மின்விசிறி இல்லாத இடத்தில் தானாக ஆறவிடுங்கள்.

மறுநாள் துணியால் மெருகேற்றுங்கள். சில சுங்கான்கள் மெழுகேற்றிய கையோடு நிறம் வெளிறியது போலத் தோன்றும். எண்ணெய்ப் பொருள்கள் மெழுகோடு உள்ளே இடம் மாறியதால் அப்படி. பதறி இன்னொரு முறை சூடாக்காதீர்கள், சில வாரம் பொறுங்கள்.

வாய்க்குழலும் பூணும்

அம்பருக்கு ஆல்கஹால் ஆகாது, மேற்பரப்பு ஒட்டும் பதமாகி மங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு, ஒற்றிய பஞ்சுக் கம்பி, உடனே உலர்ந்த கம்பி. வளைவில் கம்பி இறுகினால் திரும்ப இழுங்கள், தள்ளினால் அம்பர் கண்ணாடி போல உடையும். பல் தடத்தை மைக்ரோமெஷால் கையால் மட்டும் தேய்க்கலாம். சுழலும் துணிச் சக்கரத்தின் சூடு அதற்கு எமன்.

கருப்பு வல்கனைட் (கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்) குழல் பச்சைப் பழுப்பாக மாறி, தேய்த்தால் கந்தக வாடை வரும். அதை மட்டும் தனியே, தண்ணீர் தொட்டு 400 உப்புத்தாள், பிறகு மைக்ரோமெஷ் வரிசையாக. ப்ளீச்சில் ஊறப்போட்டால் மேற்பரப்பு குழிவிழும்.

வெள்ளிப் பூணை மெருகேற்றும்போது இரு பக்கமும் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கல்லை மறையுங்கள். வெள்ளியிலிருந்து வரும் கருஞ்சேறு மீர்ஷாம் துளைகளில் இறங்கினால் போகாது. ஒட்டு டேப்பை மெழுகுப் பரப்பில் ஒட்ட வேண்டாம், மெழுகோடு உரிந்து வரும். திரவப் பாலிஷை விட மருந்தேற்றிய துணியே இங்கு நல்லது.

சுரைக்குடுக்கைச் சுங்கான்

இதில் மீர்ஷாம் கிண்ணம், குடுக்கை வாயில் ஒட்டிய தக்கை வளையத்தில் உட்கார்ந்திருக்கும். டர்பன் கோடையில் தக்கை ஊதிக் கிண்ணம் இறுகிவிடும். திருகி இழுத்தால் குடுக்கையின் விளிம்பு வாழை மட்டை போலக் கிழியும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு, கிண்ணத்தின் விளிம்பை நாலாபுறமும் மாற்றி மாற்றி மேலே நெம்புங்கள்.

குடுக்கைக்குள் பல ஆண்டுத் தார் பளபளப்பாக இருக்கும். ஐசோப்ரோப்பைலில் ஒற்றிய துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள். உள்ளே பிளாஸ்டர் பூச்சு இருந்தால் அதைத் தேய்க்காமல் விடுங்கள். வெளியே தண்ணீர் காட்டாதீர்கள், பழைய அரக்கு மெருகு வெளுத்துவிடும். ஆல்கஹால் பட்டால் அது கரைந்தே போகும்.

தக்கை பொடிந்திருந்தால் கார் உதிரிபாகக் கடையில் கேஸ்கெட் தக்கைத் தாள் 1.5 அல்லது 2 மி.மீ. தடிமனில் வாங்கி, பட்டையாக வெட்டி, முனைகளைச் சாய்வாகச் சீவி ஒன்றன் மேல் ஒன்று படியுமாறு குடுக்கையின் உட்புறத்தில் மரப்பசையால் ஒட்டுங்கள். காய்ந்ததும் 220 தாளால் தேய்த்துத் தேய்த்து, கிண்ணம் இரண்டு விரல் அழுத்தத்தில் உட்காரும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். தக்கையின் மேல் தேன்மெழுகு ஒரு தேய்ப்பு.

வைத்திருக்கும் விதம்

அசல் தோல் பெட்டி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மூடியின் உட்பட்டில் விற்ற கடையின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும், காலத்தைக் கணிக்க அது பெரிய சான்று. பூஞ்சணத்தை வெளியில் நிழலில் வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். வாடைக்கு, திறந்த சிறு கிண்ணியில் சமையல் சோடா வைத்துப் பெட்டியையும் அதையும் ஒரே டப்பாவில் ஒரு வாரம் மூடி வையுங்கள்.

ஆனால் டர்பன் பக்கத்து நேட்டால் கடற்கரையில் அந்தப் பெட்டிக்குள் சுங்கானை நிரந்தரமாக மூடி வைக்காதீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை உள்ளே ஈரம் தேங்கிப் பட்டும் தோலும் பூஞ்சணம் பூக்கும். காற்றோட்டமுள்ள கண்ணாடி அலமாரி நல்லது, வெயில் விழாத சுவரில். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இதற்கு நேர்மாறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறட்சியில் அம்பரில் நுண்விரிசல் விடும், அங்கே மூடிய பெட்டிதான் காப்பு, சிலிக்கா ஜெல் போட வேண்டாம். செல்லுலாய்டு வாய்க்குழலை மட்டும் எந்த ஊரிலும் மூடி வைக்காதீர்கள். அது சிதையும்போது விடும் ஆவி பக்கத்திலுள்ள வெள்ளியையும் அம்பரையும் கெடுக்கும். தனியே, திறந்த தட்டில், தீயிலிருந்து தள்ளி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கையுறை போட்டு எடுத்துப் பார்க்கும்போது வாய்க்குழலைக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி விரல் நுனிப் பலத்தில் மட்டும் இறுக்கி வைத்தால் திருகாணி ஒட்டிக்கொள்ளாது.